பேரப்பிள்ளைக்கு ஒரு வருஷத் தவணை

தாராவி கிராஸ் ரோட்டிலும் தொண்ணூறடிச் சாலையிலும், மாட்டுங்கா லேபர் கேம்பிலும், செம்பூரிலும், சீட்டா கேம்பிலும் இருக்கிற ஆச்சிமார்களுக்கும் அத்தைமார்களுக்கும்,



கைக்குழந்தையும் கையில் கடனுமாக நிற்கிற மகனுக்கும் மருமகளுக்கும் புத்தி சொல்ல ஊரில் ஆள் ஏராளம். சிக்கனமாக இரு, செலவை எழுதி வை, போனில் லோன் எடுக்காதே என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் பிள்ளை பிறந்த முதல் வருஷத்தில் வீட்டில் எந்தச் செலவு நடக்கும் என்று முடிவு செய்வது அந்த இரண்டு பேர் இல்லையே. வளைகாப்புக்கு எத்தனை பேர், பிரசவம் எந்த ஆஸ்பத்திரியில், அரைஞாண் வெள்ளியா தங்கமா, மொட்டை எந்த மாதம், கிடா எத்தனை, எல்லாம் உங்கள் வாயிலிருந்துதான் வருகிறது. ஆகவே கேட்க வேண்டியதை உங்களிடமே கேட்கிறேன். பிள்ளை பிறந்த வீட்டுக்கு ஒரு வருஷம் தவணை கொடுங்கள்.

நான் தாராவியில் பிறந்து, கல்யாணமாகிச் செம்பூருக்கு வந்தவள். பெண்களின் சீட்டுக்கும், சேமிப்புக் குழுவான பச்சத் கட்டுக்கும் கணக்கு எழுதுகிறவள். அடுத்த வீட்டுக் கடன் என் நோட்டில் ஏறுகிறபோது தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன். யார் பெயரும் வராது, பயப்பட வேண்டாம்.

பிள்ளையால் கடன் வந்தது என்று சொல்கிறோம். நோட்டைப் பார்த்தால் அப்படி இல்லை. பிள்ளை வருவதற்கு முன்பே கல்யாணக் கடன் பாதி நிற்கும். அறைக்குக் கொடுத்த ஹெவி டெபாசிட்டுக்குப் புரட்டியது நிற்கும். அதையெல்லாம் இரண்டு பேர் சம்பாத்தியத்தில் இழுத்துக்கொண்டு போவார்கள். ஏழாம் மாதத்தில் அவள் கை நின்றுவிடுகிறது. முறுக்கு சுற்றுகிறவளாக இருந்தாலும், தைத்த துணிக்கு நூல் வெட்டுகிறவளாக இருந்தாலும், தோல் பட்டறைக்குப் பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவளாக இருந்தாலும் அவளுக்கு மகப்பேறு விடுப்பு என்று ஒன்று கிடையாது. 2017-இல் சட்டத்தைத் திருத்தி 26 வாரச் சம்பளத்தோடு விடுப்பு என்றார்கள். அது அப்பாயின்ட்மென்ட் லெட்டர் வைத்திருப்பவர்களுக்கு. நம் சந்துகளில் அந்த லெட்டரைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு. ஆக, வரவு பாதியாகிற அதே வருஷத்தில்தான் நாம் சீர், செய்முறை, சடங்கு எல்லாவற்றையும் கொண்டுபோய் வைக்கிறோம். பழைய கடனை அடைக்க வேண்டிய காசு பந்திக்குப் போகிறது. பந்திக்குப் போதாததற்குப் புதுக் கடன் வருகிறது. அந்தப் புதுக் கடன்தான் கொல்கிறது, ஏனென்றால் அவசரத்துக்கு வாங்குவது எப்போதும் அதிக வட்டியில்தான் கிடைக்கும்.

கணக்கைப் போட்டே காட்டுகிறேன். ஐந்து வட்டிக்கு 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 2,500, வருஷத்துக்கு 30,000. பிள்ளை தவழ்ந்து, நின்று, நடக்க ஆரம்பித்திருக்கும். அசல் 50,000 அப்படியே உட்கார்ந்திருக்கும். சட்டத்தில் இதற்கு இடமில்லை. 2014-இல் வந்த மகாராஷ்டிர வட்டித்தொழில் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் வட்டிக்கு விடுவதே குற்றம். லைசென்ஸ் உள்ளவரும் விவசாயி அல்லாதவரிடம் அடமானம் இல்லாத கடனுக்கு வருஷம் 18 சதவீதம்தான் வாங்கலாம், அதாவது ஒன்றரை வட்டி. அடமானம் இருந்தால் 15 சதவீதம். நம் தெருவில் ஐந்து வட்டியை நியாய வட்டி என்றும் பத்து வட்டியைத்தான் அநியாயம் என்றும் பேசிப் பழகிவிட்டோம்.

செம்பூர் மாமிகள் இதைப் படித்துவிட்டு, ஐயோ தாராவியில் இப்படியா என்று கன்னத்தில் கை வைக்க வேண்டாம். உங்கள் மகனுடைய கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்டைக் கொஞ்சம் வாங்கிப் பாருங்கள். தனியார் ஆஸ்பத்திரியின் மெட்டர்னிட்டி பேக்கேஜ், போட்டோ ஷூட், தொட்டில், ஸ்ட்ரோலர், குழந்தைக்கு மாலிஷ் செய்கிறவளுக்குக் கொடுத்தது எல்லாம் அதில்தான் ஏறியிருக்கும். மாதாமாதம் 'மினிமம் டியூ' மட்டும் கட்டுகிறானா என்று கேளுங்கள். அப்படிக் கட்டினால் மீதிக்கு மாதம் மூன்றரை சதவீதம் வட்டி போடுகிற கார்டுகள் சாதாரணம். வருஷத்துக்கு 42. தாராவியில் அதற்கு மூன்றரை வட்டி என்று பெயர். ஏசி அறையில் வாங்குவதால் வட்டி குளிர்ந்துவிடாது.

அடுத்தது தங்கம். இதில்தான் உங்களால் உடனே செய்யக்கூடியது அதிகம். பிள்ளையைப் பார்க்க வருகிறவர்கள் மோதிரம், காப்பு, அரைஞாண் என்று கொண்டுவருகிறார்கள். 2025-இல் பத்து கிராம் தங்கம் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. இந்த விலையில் அரை கிராம் மோதிரம் போடுகிறவருக்கே கை கடிக்கிறது. போட்ட மோதிரம் மூன்று மாதத்தில் விரலுக்குச் சின்னதாகிவிடுகிறது, ஆறாவது மாதம் சேட்டுக் கடையில் இருக்கிறது. இதை எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறோம், நீங்களே சொல்லுங்கள். அதற்குப் பதில் அந்தக் காசை ரூபாயாகவே கொடுங்கள். கொடுக்கும்போது, இது ஐந்து வட்டிக் கடனின் அசலுக்கு என்று வாய் திறந்து சொல்லிக் கொடுங்கள். சொல்லாவிட்டால் அது கேக் வெட்டப் போய்விடும்.

இன்னும் ஒரு படி மேலே போய்க் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. பீரோவுக்குள் துணிக்கு அடியில் ஒரு சங்கிலி வைத்திருக்கிறீர்களே, அது. ஒரு சவரன் வைத்தாலே இன்று 50,000 ரூபாய்க்கு மேல் வங்கியில் நகைக்கடன் கிடைக்கும். வருஷத்துக்குப் பத்து சதவீதம் என்று வைத்தால் வட்டி 5,000. அதே 50,000-க்கு மகன் ஐந்து வட்டியில் கட்டுவது 30,000. உங்கள் சங்கிலி ஒரு வருஷம் வங்கியில் உறங்கினால் அந்த வீட்டுக்கு 25,000 ரூபாய் மிச்சம். பேத்திக்கு நீங்கள் போடக்கூடிய எந்த நகையும் இதற்கு ஈடாகாது. ஒரு நிபந்தனை மட்டும் முதலிலேயே பேசிவிடுங்கள். ஐந்து வட்டிக்குக் கட்டிக்கொண்டிருந்த அதே 2,500-ஐ மாதாமாதம் நகைக்கடனில் கட்ட வேண்டும். இரண்டு வருஷத்துக்குள் சங்கிலி திரும்பி வந்துவிடும். வட்டியை மட்டும் கட்டி நகையைத் திருப்பித் திருப்பி வைக்கிற பழக்கத்துக்கு இடம் கொடுத்தீர்களானால் அது உங்கள் கழுத்துக்குத் திரும்பாது.

செய்முறை நோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். யார் வீட்டுக்கு நாம் எவ்வளவு செய்தோம், அவர்கள் நமக்கு எவ்வளவு செய்ய வேண்டும் என்பது உங்களுக்கு நோட்டைப் பார்க்காமலே தெரியும். அந்த ஞாபகசக்தி ஒரு சொத்து, கிண்டல் செய்யவில்லை. புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து போடுகிறார்கள். பணம் தேவைப்பட்டவர் பந்தி போடுவார், ஊர் வந்து சாப்பிட்டு மொய் எழுதும், பிறகு ஒவ்வொருவர் முறை வரும்போதும் அவர் திருப்பிச் செய்வார். எந்த வங்கியும் கொடுக்காத வட்டியில்லாக் கடன் அது. நாமோ அதே மொய்யை வாங்கி அன்றைக்கே மண்டபத்துக்கும் பிரியாணிக்கும் கொடுத்துவிட்டு, திருப்பிச் செய்ய வேண்டிய பாரத்தை மட்டும் வைத்துக்கொள்கிறோம். பெயர் வைப்பை வீட்டுக்குள்ளேயே ஒரு சர்க்கரைப் பொங்கலோடு முடித்து, வந்த செய்முறையை அப்படியே கடனில் கட்டினால் யார் குறை சொல்லப்போகிறார்கள்? நீங்கள்தானே குறை சொல்கிற இடத்தில் இருப்பவர்கள். நீங்கள் சொல்லாவிட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள்.

கைமாற்றுக் கொடுத்தவர்களும் உங்களில் உண்டு. அதற்கு வட்டி இல்லை, ஆனால் நாக்கு உண்டு. பச்சைப்பிள்ளையைப் பார்க்க வந்து, மடியில் வைத்துக்கொண்டே அந்த ஐயாயிரத்தைப் பற்றி ஜாடையாகப் பேச வேண்டாம். பால் கொடுக்கிறவள் காதில் அது விழுகிறது.

ஆஸ்பத்திரி விஷயத்துக்கு வருகிறேன். சயான் ஆஸ்பத்திரி என்றாலே கூட்டம், வரிசை, தரையில் படுக்கை என்று முகம் சுளித்துவிட்டு, கடன் வாங்கியாவது நர்சிங் ஹோமில் காட்டு என்கிறீர்கள். கூட்டம் இருப்பது உண்மை. அதே ஆஸ்பத்திரியில்தான் 1989-இல் டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் ஆசியாவிலேயே முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். குறைமாதத்தில் பிறந்த, தாய்ப்பால் கிடைக்காத குழந்தைகளுக்கு வேறு தாய்மார்கள் கொடுத்த பாலைப் பக்குவப்படுத்திப் புகட்டுகிற இடம். அவர் 1999-இல் தொடங்கிய ஸ்நேஹா அமைப்பு நம் தாராவிக்குள் இன்றும் தாய்-சேய் வேலை செய்கிறது. சிசுக்களைக் காப்பாற்றுவதில் மற்ற ஊர்க்காரர்கள் நம் பக்கத்து ஆஸ்பத்திரியிடம் கற்றுக்கொண்டது உண்டு. நாம்தான் அதைத் தாண்டிப்போய்க் கடன் வாங்குகிறோம்.

2011 முதல் மத்திய அரசின் ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவமோ சிசேரியனோ, மருந்து, பரிசோதனை, ரத்தம், தங்கியிருக்கிற நாளில் தாய்க்குச் சாப்பாடு எல்லாம் இலவசம். குழந்தைக்கு நோவு வந்தாலும் அப்படியே. ஆட்டோவுக்கும் கூட இருப்பவர் சாப்பாட்டுக்கும் கைச்செலவு இருக்கத்தான் செய்யும், அதைச் சேர்த்து வைப்பது வேறு, ஒரு லட்சம் புரட்டுவது வேறு. தலைப்பிள்ளைக்கு மாத்ரு வந்தனா திட்டத்தில் 5,000 ரூபாய் வரும், இரண்டாவது பெண் பிள்ளையாக இருந்தால் 6,000. ஆதார், வங்கிக் கணக்கு, கர்ப்பப் பதிவு மூன்றும் ஒழுங்காக இருக்க வேண்டும். தலைப்பிரசவத்துக்கு மகளைத் திருநெல்வேலிக்கு அனுப்புகிறவர்கள் எந்த ஊரில் பதிவு என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 18,000 ரூபாய் மதிப்பில் மகப்பேறு உதவி இருக்கிறது. கிராம நர்ஸிடம் நாள் தவறாமல் பதிய வேண்டும். ரயில் ஏறியபிறகு யோசித்தால் இங்கேயும் கிடைக்காது, அங்கேயும் கிடைக்காது.

தடுப்பூசிக்குத் தனியார் கிளினிக்கில் ஆயிரக்கணக்கில் கட்டிவிட்டு வந்து, நல்ல ஊசி போட்டோம் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். பிசிஜி, போலியோ, பென்டாவேலன்ட், ரோட்டா, நிமோனியாவுக்கான பிசிவி, தட்டம்மை-ரூபெல்லா எல்லாம் மாநகராட்சி ஹெல்த் போஸ்டில் காசில்லாமல் போடுகிறார்கள். தாராவிக்குள் சயான் ஆஸ்பத்திரி நடத்துகிற நம் சோட்டா சயானிலும் கேட்கலாம்.

பால் டப்பாவைப் பற்றி உங்களோடு ஒரு சண்டை இருக்கிறது. பிள்ளை இரண்டு ராத்திரி விடாமல் அழுதால், தாய்க்குப் பால் பத்தவில்லை என்று முதலில் சொல்வது நீங்கள். மறுநாள் டப்பா வந்துவிடுகிறது. வளர்கிற பிள்ளைக்கு ஒரு டப்பா ஒரு வாரம்கூட வராது. அது போக, டப்பாப் பால் குடிக்கக் குடிக்கத் தாயிடம் சுரப்பு குறையும், பிறகு டப்பாவை நிறுத்தவே முடியாது. டப்பாப் பாலுக்கு விளம்பரமே செய்யக்கூடாது என்று 1992-இல் சட்டம் போட்டிருக்கிறார்கள். விளம்பரம் செய்கிற வேலையை நீங்கள் சம்பளமில்லாமல் செய்ய வேண்டாம். நிஜமாகவே பால் போதவில்லையா என்று ஹெல்த் போஸ்டில் எடை பார்த்தால் தெரிந்துவிடும். டாக்டர் டப்பா எழுதிக்கொடுத்தால் வாங்கித்தான் ஆக வேண்டும், அதில் வெட்கமும் இல்லை. மற்றபடி பூண்டும் சுறாப்புட்டும் வைத்துக் கொடுக்க உங்களைவிட யாருக்குத் தெரியும்?

குழு லோன் எடுத்த வீடுகளில் இன்னொரு கஷ்டம். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்பதால் பிள்ளை பெற்று மூன்றாம் வாரமே அவளைத் தேடி வருகிறீர்கள். குழுவின் பயம் புரிகிறது. ஆனால் பிரசவம் திடீரென்று வருகிற செலவில்லை, மாதக்கணக்கில் முன்கூட்டியே தெரிகிறது. ஐந்தாம் மாதத்திலிருந்து குழுவே கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கி அவளுடைய இரண்டு மாதத் தவணையைத் தயாராக வைக்கலாம். ரிசர்வ் வங்கியின் 2022 விதிகளும் தெரிந்திருக்கட்டும். மைக்ரோ பைனான்ஸ் கடன் கொடுக்கும்போது, குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்கும் சேர்த்து மாதத் தவணை குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்காகப் போன் செய்யக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது.

இப்படி ஒதுக்குவது நம் பெண்களுக்குப் புதிதில்லை. 1980-களின் நடுவில் பைகுல்லா நடைபாதையில் குடியிருந்த பெண்கள் சேர்ந்து மகிளா மிலன் தொடங்கினார்கள். அவர்களோடு நின்றவர்களில் ஒருவர் கோலார் தங்கவயலில் பிறந்து மும்பைக்கு வந்த தமிழர் ஜோக்கின் அற்புதம். அவர் இருந்த ஜனதா காலனியை 1976-இல் இடித்தபோது அங்கிருந்து தூக்கி வைக்கப்பட்டவர்களின் இடம்தான் இன்றைய சீட்டா கேம்ப். மகிளா மிலன் பெண்கள் தினமும் வீடு வீடாகப் போய், இருப்பதைக் கொடு என்று வாங்கினார்கள். ஐந்து ரூபாய் இருந்தால் ஐந்து, இல்லாவிட்டால் இல்லை. அவசரத்துக்கு அந்தப் பணத்திலிருந்தே கடன் கொடுத்தார்கள். தினமும் வாசலுக்குப் போகிறவளுக்கு எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று தெரியும், அதுதான் அவர்கள் பார்த்த கிரெடிட் ஸ்கோர். கர்ப்பிணிகளுக்காக மட்டும் இப்படி ஒரு தினச்சீட்டை உங்கள் சந்தில் நடத்த முடியாதா? நோட்டு எழுத நான் வருகிறேன்.

பிள்ளை பெயரில் பாலிசி போடச் சொல்லி ஏஜென்ட் வருவார், அநேகமாக உங்களுக்குத் தெரிந்த பையனாகவே இருப்பார். பேத்திக்குச் சுகன்யா சம்ரித்தி நல்ல திட்டம், 2024-இல் அதற்கு 8.2 சதவீத வட்டி. ஆனால் 60 சதவீதத்துக்குக் கடன் வைத்துக்கொண்டு 8.2-க்குச் சேமிக்கிற வீட்டில் அந்தப் பேத்திக்கு என்ன மிஞ்சும்? வருஷத்துக்குக் குறைந்தபட்சம் 250 ரூபாய் போதும். கணக்கை மட்டும் திறந்து வையுங்கள், மிச்சத்தைக் கடனுக்குத் திருப்புங்கள். மருமகளுக்கு மாநில அரசின் லாட்கி பஹிண் திட்டத்தில் மாதம் 1,500 வந்தால் அதையும் அப்படியே. அது அவள் பெயரில் வருகிற பணம், அவளைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

உங்களில் சிலர் வட்டிக்கு விடுகிறவர்கள். தெரியாத மாதிரி எழுதினால் நானும் நீங்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. புருஷன் போனபின் அந்த வட்டியில்தான் நீங்கள் பிள்ளைகளைப் படிக்க வைத்தீர்கள் என்பதும் தெரியும். அதனால் சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்த வரவில்லை. பிள்ளை பிறந்த வீட்டில் ஒரு வருஷம் வட்டியை நிறுத்திவிட்டு வருகிற காசை அசலில் கழித்துக்கொள்ளுங்கள். உங்கள் அசல் பத்திரமாகத் திரும்பும். ஐந்து வட்டியை நெருக்கினால் அவர்கள் இன்னொருவரிடம் பத்து வட்டிக்கு வாங்கித்தான் உங்களுக்குக் கட்டுவார்கள், ஒரு நாள் ராத்திரியோடு ராத்திரியாக அறையைக் காலி செய்துகொண்டு போவார்கள். அப்படிப் போனவர்களை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள்.

கடைசியாக மொட்டையும் காதுகுத்தும். குலசாமி கோயிலுக்கு நான் எதிரி இல்லை. ஆனால் குடும்பத்தோடு நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் போய்வர டிக்கெட், தாய்மாமன் சீர், கிடா, ஊர்ப் பந்தி, கொடை வரி என்று சேர்த்தால் பிரசவச் செலவைத் தாண்டிவிடுகிறது. முதல் வயதில் முடியாவிட்டால் ஒற்றைப்படை வயதாகப் பார்த்து மூன்றிலும் ஐந்திலும் செய்வது நம் வழக்கத்திலேயே இருக்கிறது. சாமி காத்திருக்கும் என்று நம் முன்னோர்களே ஒத்துக்கொண்டார்கள். மூன்று வயதில் போனால் பிள்ளை தன் காலால் கோயில் படி ஏறும், கடனும் பாதிக்கு மேல் குறைந்திருக்கும்.

ஆனால் அதை மருமகள் வாயால் சொல்ல முடியாது. சொன்னால் சாமிக் குத்தம் அவள் தலையில் விழும். மகனும் சொல்ல மாட்டான். நீங்கள் சொல்ல வேண்டும், அதுவும் சீக்கிரம் சொல்ல வேண்டும். ரயிலில் இப்போது 60 நாளைக்கு முன்புதான் முன்பதிவு திறக்கிறார்கள். சித்திரைக் கொடைக்கு மாசியிலேயே பையன் டிக்கெட்டுக்குப் பணம் புரட்ட ஆரம்பித்துவிடுவான். அவன் யாரிடமாவது போய் நிற்பதற்கு முன்னால் கூப்பிட்டு, இந்த வருஷம் வேண்டாம்டா என்று சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சீட்டுக் கணக்கு எழுதுகிறவள்,
செம்பூர்